லாரியில் வந்தவன்

அக்கா ஒரு சினிமாவையும் கடைசிவரை பார்த்ததில்லை. ராயபுரத்தில் எங்கள் தெருக் குழாயில் சாயந்திரம் ஐந்து மணிக்குத் தண்ணீர் வரும். மேட்னி ஷோ முடிய ஐந்தரை ஆகும். ஐந்தடிக்கக் கால் மணி இருக்கும்போது, திரையில் கதாநாயகியைக் கட்டிப்போட்டிருந்தாலும் சரி, வில்லன் துப்பாக்கியைத் தூக்கியிருந்தாலும் சரி, அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்துவிடுவார். கிளைமாக்ஸ் பாக்கியிருக்கிறது என்று யாராவது சொன்னால், எனக்குக் குடம் முக்கியம் என்று சொல்லி, சொன்னவர் காலையே மிதித்துக்கொண்டு வெளியேறுவார்.

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினாலும் யாருக்கும் தெரியாது. அவரைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

நான் பத்தாவது முடித்துவிட்டுச் சும்மா இருந்தபோது, காசிமேட்டில் எறா உரிக்கும் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தேன். இறாலை அங்கே யாரும் இறால் என்று சொல்லமாட்டார்கள், எறாதான். நாற்பது பெண்கள் இரண்டு வரிசையாக எதிரெதிரே பலகை போட்டு உட்கார்ந்திருப்போம். நடுவில் ஐஸோடு கொட்டிய எறா குவியலாகக் கிடக்கும். தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, முதுகு நரம்பை இழுத்துப் போட வேண்டும். ஒரு மணி நேரத்தில் விரல் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். வாயும் சும்மா இருந்தால் தூக்கம் வந்துவிடும். அதற்குத்தான் அக்கா இருந்தார். வெள்ளிக்கிழமை படம் பார்ப்பார், சனிக்கிழமை கொட்டகையில் சொல்வார். எங்களில் முக்கால்வாசிப் பேர் தியேட்டருக்கே போகாமல் எல்லாப் படமும் பார்த்துவிட்டோம்.

மேஸ்திரி முதலில் முறைத்துப் பார்த்தார். பிறகு, கதை நடக்கும் நாளில் குவியல் சீக்கிரம் கரைவதைக் கவனித்துவிட்டார். ஒருநாள் அவர் ஏதோ சொல்ல உள்ளே வந்தபோது, அக்கா கதாநாயகியை மொட்டைமாடி ஓரத்தில் நிறுத்திவிட்டு வாயை மூடிக்கொண்டார். நாற்பது பேரும் மேஸ்திரியைத் திரும்பிப் பார்த்தோம். மனிதர் வந்த விஷயத்தைச் சொல்லாமலே போய்விட்டார்.

படத்தின் முதல் இரண்டு மணி நேரத்தை அக்கா அச்சுப் பிசகாமல் சொல்வார். பாட்டுக்குப் பாட்டு, புடவைக்குப் புடவை. கடைசி முக்கால் மணி நேரம் சொந்தச் சரக்கு. பார்க்காததைப் பார்க்கவில்லை என்று ஒப்புக்கொள்ளும் பழக்கம் அவருக்கு இல்லை. அவர் முடிவுகளுக்கு இரண்டு சட்டம் உண்டு. வில்லனைப் போலீஸ் பிடிக்காது, அவனைப் பெற்றவள் எங்கிருந்தோ வந்து செவுளில் ஒன்று விடுவாள். இரண்டாவது, எல்லாரும் உட்கார்ந்து சாப்பிட்டால்தான் படம் முடியும். "இத்தினி சண்ட போட்டானுங்களே, எவனாச்சும் ஒரு வாய் சோறு துன்னானா?" என்பார். என்ன சாப்பிட்டார்கள் என்பது விலாவாரியாக வரும். வஞ்சிரம் வறுவல் என்றால் அக்கா வீட்டில் ரசம் மட்டும்தான் என்று புரிந்துகொள்வோம். ஒருதடவை கோடீஸ்வரக் கதாநாயகன் கிளைமாக்ஸில் சுறாப்புட்டு கேட்டு அழுதான். இரண்டாம் வரிசையில் இருந்து ஒருத்தி மறுநாள் அக்காவுக்குச் சுறாப்புட்டு செய்துகொண்டு வந்தாள்.

முடிவை மாற்றுகிற இந்த வேலையே எனக்குப் பிடிக்காது. நான் ஞாயிற்றுக்கிழமை போய், பெயர் போட்டு முடியும்வரை உட்கார்ந்து பார்க்கிற ஆள். திங்கட்கிழமை வந்து, யக்கா அவன் ஜெயிலுக்குப் போறான், நீ சொன்ன மாதிரி இல்ல, என்று ஆரம்பிப்பேன். அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார்.

"நீ பாத்தது உன் படம்மே. இது எங்க படம். உனக்கு வோணும்னா நீ தனியா குந்தி அத சொல்லிக்கோ."

சொல்லிப் பார்த்தேன். ஒருத்தியும் கேட்கவில்லை. என் கதையில் எல்லாரும் ஜெயிலுக்குப் போனார்கள், யாரும் சாப்பிடவில்லை.

இதனால் ஊரில் நடந்த குழப்பம் கொஞ்சநஞ்சமில்லை. எங்களோடு வேலை பார்த்த வசந்தா கல்யாணமாகித் திருவொற்றியூருக்குப் போனாள். தலை ஆடிக்கு முன்னால், மாமியார் மாமனார் நாத்தனார் எல்லாரோடும் உட்கார்ந்து டிவியில் ஒரு படம் பார்த்திருக்கிறாள். கொட்டகையில் அவள் மூன்று தடவை கேட்ட படம். கடைசியில் வில்லனின் அம்மா வரவில்லை. வசந்தா எழுந்து நின்று, கட் பண்ணிட்டானுங்க, விளம்பரம் போடறதுக்கோசரம் முக்கியமான சீனைக் கட் பண்ணிட்டானுங்க, என்று சத்தம் போட்டிருக்கிறாள். அப்படி ஒரு சீனே இல்லை என்று மாமனார் சொல்ல, பெரியவர் பொய் சொல்வதாக இவள் சொல்ல, பேச்சு முற்றி, அவள் அம்மா வீட்டுக்கே வந்துவிட்டாள். அக்காதான் திருவொற்றியூருக்குப் போய்ச் சமாதானம் பேசினார். எப்படித் தெரியுமா? தன் முடிவை மாமனாருக்கு முழுசாகச் சொன்னார். மாமனார் கேட்டுவிட்டு, இது நல்லா கீதே, இப்டியே எடுத்திருக்கலாம், என்றாராம். வசந்தாவை அன்றே அனுப்பிவைத்தோம்.

மற்ற முடிவெல்லாம் அக்கா தெரியாமல் மாற்றியது. தெரிந்தே மாற்றியது ஒன்றே ஒன்றுதான்.

அந்தப் படத்தின் பெயர் வேண்டாம். கதாநாயகன் படகுக்காரன். கடைசியில் புயலில் தம்பியைக் கரையில் தள்ளிவிட்டுத் தான் மூழ்கிவிடுவான். ஊரே அழுத படம், முந்தின ஞாயிற்றுக்கிழமையே பார்த்துவிட்டு நானும் தாவணி நனைய அழுதேன். அக்கா வழக்கம்போல் குடத்துக்கு ஓடியிருந்தார். ஆனால் சனிக்கிழமை காலை கொட்டகை வாசலில் என்னைப் பிடித்து நிறுத்தி, "கடைசில அவன் இன்னா ஆவுறான்?" என்று கேட்டார். என்னிடம் அவர் முடிவு கேட்டது அதுதான் முதல் தடவை. நான் பெருமையாக, "செத்துப் பூடுறான்" என்றேன்.

அக்கா உள்ளே எட்டிப் பார்த்தார். எதிர்வரிசையில் தேசம்மா தலையைக் குனிந்து எறா உரித்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுக்காரர் போன படகு நான்கு நாளாகத் திரும்பவில்லை. வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாமல் வேலைக்கு வந்திருந்தாள். வேற படம் சொல்லுக்கா என்றேன். அன்று கொட்டகை முழுக்க அந்தப் படத்தைத்தான் எதிர்பார்த்திருந்தது. அதை விட்டு வேறு சொன்னால், ஏன் சொல்லவில்லை என்பது தேசம்மாவுக்குப் புரிந்துவிடும். அக்கா பலகையில் உட்கார்ந்து, முதல் எறாவின் தலையைக் கிள்ளினார்.

கடைசிக் கட்டம் இப்படி வந்தது. படகுக்காரன் போய்விட்டான் என்று ஊர் முடிவு பண்ணிவிடுகிறது. பதினோராம் நாள் காரியம். வாசலில் பந்தல், இலையில் சோறு. தெருமுனையில் ஒரு லாரி வந்து நிற்கிறது. தாடியும் தொளதொள சட்டையுமாக ஒருத்தன் இறங்குகிறான். அலை அவனை ஆந்திராப் பக்கம் ஒதுக்கிவிட, நெல்லூரில் ஒரு லாரிக்காரர் சட்டை கொடுத்து ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். இவன் பந்தலைப் பார்த்துவிட்டு, "யாருக்குக் காரியம்மே?" என்று கேட்கிறான். ஐயர் ஓடுகிறார். தம்பி ஓடுகிறான். அழுதுகொண்டிருந்த பெண்கள் செருப்பை விட்டுவிட்டு ஓடுகிறார்கள். இவன் இலை முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "எனக்கு வெச்ச சோறுதான, நானே துன்றேன்" என்று கை நனைக்கிறான்.

நாற்பது பேரும் சிரித்த சிரிப்பில் எறா பறந்தது. ஐஸ் குவியல் சரிந்தது. மேஸ்திரி ஓடிவந்து, என்ன என்று தெரியாமலே அவரும் சிரித்தார். தேசம்மா வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

அவள் வீட்டுக்காரர் வரவில்லை. பழவேற்காடு பக்கம் படகின் பலகை ஒன்று கிடைத்ததாகச் சொன்னார்கள். தேசம்மா ஒரு வருஷத்துக்குமேல் தாலியைக் கழற்றவில்லை, காரியம் செய்ய விடவில்லை. தெருமுனையில் லாரி நின்றால் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள் என்று பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சு அக்கா காதுக்கும் வந்தது. ஆறு மாதம் கொட்டகையில் கதையே இல்லை. பிறகு எல்லாரும் கெஞ்சி மறுபடி ஆரம்பித்தார். அந்தக் கதையை மட்டும் தொடவில்லை. தேசம்மா எண்ணூருக்குக் குடிபோய்விட்டாள். ஏதாவது கல்யாணத்தில் அவளைப் பார்த்தால் அக்கா வேறு பந்திக்குப் போய்விடுவார். "நான் சொன்ன பொய்தான் அவள தெருவுல நிக்க வெச்சிச்சி" என்று என்னிடம் ஒருதடவை சொன்னார். இல்லை என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

இப்போது அந்தக் கொட்டகை இல்லை, எறாவை மிஷின் உரிக்கிறது. அதற்காக நான் வருத்தப்படவில்லை, என் விரல்களும் வருத்தப்படவில்லை. நான் கல்மண்டபத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். காலேஜ் பிள்ளைகள் முழுப் புத்தகத்தைக் கொண்டுவந்து பிரதி எடுத்துப் போகிறார்கள். ஆகவே காப்பிரைட்டைப் பற்றி இனிமேல் நான் சொல்வதையெல்லாம் நீங்கள் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் படிக்க வேண்டும்.

என் மகள் நித்யா சின்ன வயதில் சோறு சாப்பிட்டதே அக்காவின் கதைகளைக் கேட்டுத்தான். ஒரிஜினல் என்று ஒன்று இருப்பதே அவளுக்கு ரொம்ப நாள் தெரியாது. போன வருஷம் அவள் தண்டையார்பேட்டையில் அக்கா வீட்டுக்குப் போய், அவர் கதை சொல்வதைப் பதிவு செய்து யூடியூபில் போட ஆரம்பித்தாள். அக்காவுக்கு எழுபது தாண்டியிருந்தது, குரல் மட்டும் அதே குரல். கேட்கிறவர்கள் எல்லாம் இருபது வயதுப் பிள்ளைகள். அந்தப் படங்களை அவர்கள் பார்த்ததில்லை, பார்க்கப் போவதுமில்லை. அவர்களுக்கு அக்கா சொல்வதுதான் படம். நான் முப்பது வருஷம் போட்ட சண்டையில் அக்கா இப்படி ஒரேயடியாக ஜெயிப்பார் என்று நினைக்கவில்லை.

படகுக்காரன் கதையைச் சொல்லச் சொல்லி நித்யா மாதக்கணக்கில் நச்சரித்தாள். ஒருநாள் அக்கா, எத்தினி வருசம் ஆச்சி, போவட்டும், என்று சொல்லிவிட்டார். பதிவேறிய மறுநாள் கீழே ஒரு பூப் படமும், "எண்ணூர் தேசம்மா. நல்லா இருக்குது அக்கா" என்று ஒரு வரியும் வந்திருந்தது. அக்கா அதை நித்யாவிடம் நான்கு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். அன்று எங்களுக்கு வஞ்சிரம் வறுவல், நிஜமாகவே.

அப்புறம்தான் நோட்டீஸ் வந்தது. அந்தப் படத்தின் உரிமை வைத்திருக்கிற கம்பெனி புகார் கொடுத்து, கதை இறக்கப்பட்டுவிட்டது. அக்கா கொதித்தார். நித்யாவை உட்காரவைத்துப் பதில் எழுதச் சொன்னார். "ஐயா, உங்க படத்துல அவன் செத்துட்டான். எங்க படத்துல துன்னுகினு கீறான். ரெண்டு பேரும் எப்டி ஒரே ஆளாவ முடியும்? நீங்களே ரோசன பண்ணுங்கோ." இதை எழுத்துத் தமிழில் மாற்றலாமா என்று நித்யா கேட்டதற்கு, ஒரு எழுத்தையும் மாற்றக் கூடாது என்று சொல்லிவிட்டார். அவளும் அப்படியே அனுப்பினாள். விஷயம் அவ்வளவு பெரியதில்லை. நித்யா முகப்பில் பழைய சினிமா போஸ்டரை ஒட்டியிருந்தாள், புகார் அந்தப் போஸ்டர்மேல். அதை எடுத்துவிட்டுத் தானே ஒரு லாரி வரைந்து போட்டதும் கதை மறுபடி ஏறிவிட்டது. அக்கா மட்டும், தன் கடிதம்தான் கம்பெனியை மடக்கியது என்று இன்றுவரை சொல்லிவருகிறார்.

இரண்டு வாரம் கழித்து நித்யா ஒரு வீடியோவோடு வந்தாள். வியாசர்பாடியில் ஃப்ளெக்ஸ் டிசைன் பண்ணும் ஓர் இளைஞர், அக்காவின் குரலுக்குப் படம் வரைந்து அசையவிட்டிருந்தார். அற்புதமாக இருந்தது. அக்கா தன் குரலில் புயல் வருவதைப் பார்த்துக் கை தட்டினார். பந்தல் வந்தது. இலை வந்தது. லாரி வந்து நின்றது. அந்த இடத்தில் அக்காவின் குரலை நிறுத்திவிட்டார். லாரிக் கதவு திறக்கிறது, உள்ளே யாரும் இல்லை. இலையில் சோறு அப்படியே இருக்கிறது. கீழே கமெண்டில் எல்லாரும் அழுதிருந்தார்கள். அசல் கதை ராயபுரம் அக்கா, முடிவு மட்டும் என் கற்பனை என்று அந்த இளைஞர் எழுதியிருந்தார். அந்தப் படம் முதலில் எப்படி முடிந்தது என்பது அவருக்கும் தெரியாது. சாகடித்தது தன் சொந்த யோசனை என்று நம்பிக்கொண்டிருந்தார்.

அக்கா எழுந்துவிட்டார். உடனே காப்பிரைட் போடு என்றார். கம்பெனிக்காரன் போட்டானே, அதே மாதிரி. நித்யா மெதுவாக, "பெரிம்மா, நீயும் இதத்தான செஞ்ச" என்றாள்.

"நான் செத்தவன பொழைக்க வெச்சேன். இவன் பொழைச்சவன சாவடிச்சிட்டான். ரெண்டும் ஒண்ணாடி?" என்றார் அக்கா. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து குரலை இறக்கி, "தேசம்மா பாத்துட்டா இன்னாமே பண்றது?" என்று என்னைப் பார்த்தார்.

வீடியோவை இறக்கச் சொல்லி எழுதலாம், ஆனால் அதற்கு நாளாகும். ஆகவே நேரில் போய்விடுவது என்று அக்கா முடிவு செய்தார். அது தேசம்மா போனில் வருவதற்குள் நாம் போய்ச் சேர்ந்துவிட வேண்டும், வந்தால் பார்க்காதே என்று சொல்லிவிட வேண்டும். யூடியூபை முந்த மாநகரப் பேருந்தில் ஏறியவர்கள் உலகத்தில் நாங்கள் மூன்று பேராகத்தான் இருப்போம். எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன. அக்கா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி ஒவ்வொரு டிரைவரையும் பேஜாரு புடிச்சவனே என்று திட்டிக்கொண்டு வந்தார். ஒரு டிரைவர், எங்க கெளவி இவ்ளோ அவசரம் என்றதற்கு, ஒரு ஆள காப்பாத்தணும் என்றார். நித்யா சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்தாள்.

தேசம்மா வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்து, யக்கா என்று அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அக்கா நலம் விசாரிக்காமலே, போனில் ஏதாவது வந்ததா என்றார்.

"வந்துச்சே. மூணு தபா பாத்தேன். நல்லா வரைஞ்சிகிறான் அந்தப் புள்ள."

அக்கா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். முப்பது வருஷமாகக் கேட்காமல் வைத்திருந்ததை அங்கேயே கேட்டார். "தேசம்மா, நான் அன்னிக்கு சொன்ன கதையாலதான நீ தெருமுனைல போயி நின்னே? அது பொய்டி. சினிமால அவன் செத்துட்டான். தெரிஞ்சேதான் மாத்துனேன்."

"எனக்கும் தெரியும்க்கா" என்றாள் தேசம்மா. "நான் அந்தப் படத்த பாத்துட்டுத்தான் கொட்டாய்க்கு வந்து குந்திகினு இருந்தேன். அவரு கடலுக்குப் போறதுக்கு மொத நாளு ரெண்டு பேரும் போனோம்."

தேசம்மா கீரையை ஓரமாக நகர்த்திவிட்டு எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அக்கா கதை சொல்லும்போது நிமிடத்துக்கு ஒருதடவை தேசம்மாவின் முகத்தைப் பார்த்துப் பார்த்து மாற்றிக்கொண்டு வந்ததை அவள் கவனித்திருக்கிறாள். தனக்காக ஒருத்தி இவ்வளவு பேர் முன்னால் இத்தனை பாடுபடுகிறாளே என்று சொல்லாமல் இருந்துவிட்டாளாம். லாரி நின்றால் போய்ப் பார்த்தது நிஜம். அவர் வருவார் என்று இல்லை, எனக்கு வெச்ச சோறுதானே என்று கதையில் அவன் கேட்டது ஞாபகம் வந்து, அங்கே நின்று கொஞ்ச நேரம் சிரித்துவிட்டு வருவாளாம். வீட்டில் சிரித்தால் பைத்தியம் என்பார்கள்.

"அவருக்கும் அந்த முடிவு புடிக்கலக்கா" என்றாள். "நீச்சல் தெரிஞ்சவன் கரைகிட்ட எவனாச்சும் முழுகுவானான்னு தியேட்டர்லேந்து வூடு வர்ற வரிக்கும் திட்டிகினே வந்தாரு. வழி முச்சூடும் அவரே ஒரு முடிவு சொல்லிகினு வந்தாரு. அவரு சொன்னதுல அவன் ஒரு கட்டைய புடிச்சிகினு வருவான்."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே, "கட்டையா? எப்டி வந்தான், மொதல்லேந்து சொல்லு" என்றார்.

தேசம்மா காலை நீட்டி வசதியாக உட்கார்ந்தாள். நித்யா பையிலிருந்து போனை எடுத்துப் பதிவுப் பொத்தானில் விரலை வைத்தாள். அக்கா அந்தக் கையை மெல்லப் பிடித்து இறக்கினார்.

"வோணாம்மா. இது அவரு கதை. அவர கேக்காம எடுக்கக் கூடாது."

நித்யா போனைப் பைக்குள் வைத்தாள். தேசம்மா சொல்ல ஆரம்பித்தாள்.